தனம் அணைக்காத கற்பூரம்

செவிலியர் சங்க ஆண்டு மலருக்காகப் பொறுமையைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டிருந்தீர்கள். பெண்கள் புறநோயாளிகள் பிரிவில் வருடக்கணக்காக நின்றுவிட்டு விருப்ப ஓய்வில் வீட்டுக்கு வந்தவளிடம் பொறுமை நிறையச் சேர்ந்திருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். தேடிப் பார்த்தேன். சேர்ந்திருப்பது கோபம்தான். அதுவும் ஆறிப்போன கோபம் அல்ல. போன வாரம் உங்களில் ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவள், தொலைபேசியில் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"சிஸ்டர், கருப்பைவாய்ப் புற்றுநோய்னு தெரிஞ்சா, அது கிருமியால வர்றதுன்னு வீட்டுக்காரங்ககிட்ட சொல்லணுமா, மறைச்சிடணுமா?"

ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். தனத்தைப் பற்றிச் சொல்லாமல் அந்தப் பதிலைச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆகவே பொறுமைக் கட்டுரைக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால், தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டியிருந்த மருத்துவமனையில் நான் வேலை பார்த்த அறை நீளமானது. ஒரு கோடியில் டாக்டரின் மேஜை. பக்கத்தில் பரிசோதனைக் கட்டில். கட்டிலை மறைக்க ஒரு பச்சைத் துணித் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம், துணியில் முதுகு உரசும்படி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. கட்டிலில் படுத்திருப்பவள் முழங்காலை மடக்கினால் பெஞ்சில் இருப்பவளின் தோளில் இடிக்கும். உள்ளே பேசுவது அத்தனையும் வெளியே கேட்கும். கேட்காதது மாதிரி எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெஞ்சை நகர்த்தவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இடமில்லை என்பார்கள். மருந்துப் பெட்டிகளை அடுக்க மட்டும் இடம் இருந்தது.

தனம் அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கொரட்டூர் ஏரிப் பக்கம் வீடு. மாமனார் காலத்தில் அந்த ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். வயல்கள் மனைகளான பிறகு எல்லோரும் தொழிற்பேட்டைக்கு நடந்தார்கள். கணவன் சேகர் லேத் ஓட்டினான். தனம் ரப்பர் வாஷர் செய்யும் பட்டறையில் சூடாக வரும் வாஷர்களுக்குப் பிசிறு வெட்டினாள். அவள் வந்தால் அறையில் ரப்பர் வாசனை வரும். வாய் அதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

நான் ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைச் சுற்றினேன்.

"இன்னா சிஸ்டரு, கைய இந்தப் புழி புழியற. பிசிறு கிசிறு கீதா?"

"சும்மா இரு. என்ன தொந்தரவு?"

"வெள்ள படுது. நாத்தம் வேற. அப்பப்ப ரத்தமும் வருது."

"அப்பப்பன்னா எப்ப?"

அவள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். குரல் இறங்கியது. கணவன் நெருங்கும்போது என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். "அவரு கிட்ட வரசொல்ல."

"எவ்வளவு நாளா?"

"பெரிய பொண்ணு ஆறாவது போவசொல்ல ஆரம்பிச்சுது. இப்ப அது எட்டாவது."

பட்டையைக் கழற்றினேன். "இத்தனை நாள் ஏன் வரலை?"

"யாரு சொன்னது வர்லன்னு? பக்கத்து ரூமுக்கு வந்துகினுதான் கீறேன். படுக்க சொல்றாங்க, பாக்கறாங்க, நூலு கீது, போன்னு சொல்றாங்க. அத்த எடுத்துடுங்க, அதாலதான் ரத்தம் வருதுன்னா, எடுத்தா அடுத்த மாசமே வயித்த தள்ளிகினு வருவேன்றாங்க."

பக்கத்து அறை குடும்ப நலப் பிரிவு. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அங்கேதான் அவளுக்குக் காப்பர்-டி போட்டிருந்தார்கள். அந்தக் கருத்தடைச் சாதனத்தின் நூல் கருப்பையின் வாயிலிருந்து வெளியே தொங்கும். அது இருக்கிறதா என்று பார்க்கக் கட்டிலில் படுக்கவைத்து, ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து விரித்து, விளக்கைத் திருப்பி உள்ளே பார்ப்பார்கள். அதாவது, ஒவ்வொரு முறையும் தனத்தின் கருப்பைவாய் வெளிச்சத்தில் அவர்கள் கண்ணெதிரே இருந்திருக்கிறது. பார்த்தது நூலை மட்டும். கிணற்றில் கயிறு தொங்குகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, சுவர் சரிவதைப் பார்க்காமல் திரும்பி வந்தவர்களை என்ன சொல்வீர்கள்? கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு மேலிடத்திலிருந்து வந்த கேள்வி எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறீர்கள் என்பதுதான். எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததைப் பார்க்காமலிருக்கக் கண் எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது! அதே இடத்தை ஒரு மரக்குச்சியால் துடைத்தெடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால், அது புற்றாக மாறுவதற்கு முன்பே தெரிந்திருக்கக்கூடும். ஆனால் அது அந்த அறையின் வேலை இல்லையாம்.

எங்கள் பிரிவுக்கு அப்போது ஒரு இளம் டாக்டர் வந்திருந்தார். பெண். கெட்டிக்காரி. நேர்மையானவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனத்தின் நோயைக் கண்டுபிடித்தவர் அவர்தான். நான் போய்ச் சொன்னதும் வரிசையை நிறுத்திவிட்டுத் தனத்தைப் படுக்கவைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நூலைச் சுற்றிக்கொண்டு காலிஃபிளவர் மாதிரி ஒரு புண். தொட்டதும் ரத்தம். சதை எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் வீட்டில் யாரையாவது அழைத்து வா என்றார்.

சேகருக்கு ஷிப்ட். மாமியார் லோகம்மா வந்தாள். பெஞ்சில் தடுப்பை ஒட்டி உட்கார்ந்தாள். அவளைச் சுற்றிப் பத்துப் பெண்கள், கூரையைப் பார்த்தபடி.

தடுப்புக்குப் பின்னால் டாக்டர் தனத்திடம் பேசினார். முதல் பகுதி நன்றாகவே இருந்தது. இது புற்றுநோய், ஆபரேஷன் கட்டத்தைத் தாண்டிவிட்டது, ஆனால் கதிர்வீச்சு கொடுத்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, நகரத்தில் புற்றுநோய் மருத்துவமனைக்குக் கடிதம் தருகிறேன் என்றார். அங்கே நிறுத்தியிருக்கலாம். அவர் சில நாட்களுக்கு முன்புதான் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்திருந்தார். அங்கே கற்றது நாக்கு நுனியில் இருந்தது.

"இது ஏன் வருதுன்னா, ஒரு வைரஸ்ம்மா. உடலுறவு மூலமாத்தான் தொத்தும். நிறைய பேரோட தொடர்பு இருக்கறவங்களுக்கு வாய்ப்பு அதிகம். அதனால கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. உங்களுக்கு வீட்டுக்காரரைத் தவிர வேற யாராவது…"

தடுப்பின் துணி ஒதுங்கியது. லோகம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னீங்க டாக்டரம்மா? இன்னொருவாட்டி சொல்லுங்க."

தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு டாக்டர் இன்னொரு முறை, இன்னும் எளிமையாக, பொறுமையாக எடுத்துச் சொன்னார். பொறுமையைப் பற்றி எழுதச் சொன்னீர்கள் அல்லவா, இதோ எழுதிவிட்டேன். நான் குறுக்கே புகுந்து லோகம்மாவை வெளியே அழைத்துப் போவதற்குள் பெஞ்சு முழுவதும் பாடத்தைப் படித்து முடித்துவிட்டது.

அந்த டாக்டர் சொன்ன எதிலும் பொய் இல்லை. என் கோபம் அதனால்தான் இன்னும் தீரவில்லை. பொய் சொல்லியிருந்தால் திருத்தியிருப்பேன். அவர் கேட்ட கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தனம் ஆமாம் என்று சொல்லியிருந்தால் கொடுக்கும் கதிர்வீச்சு மாறுமா? இல்லை என்று சொல்லியிருந்தால் மாறுமா? நாள் கூடுமா, குறையுமா? சிகிச்சையில் ஒன்றையும் மாற்றாத கேள்வியை, சிகிச்சைக்காக வந்தவளிடம் எந்த உரிமையில் கேட்கிறோம்? ஒரு கேள்வி வாயில் வரும்போது இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பாதிக் கேள்விகள் விழுங்கப்பட்டுவிடும்.

புற்றுநோய் மருத்துவமனை குறித்துக் கொடுத்த நாளில் தனம் அங்கே போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. பட்டறையில் அவளோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி ஊசி போட்டுக்கொள்ள வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"அவுங்க மாமியா, கோயில்ல கற்பூரத்த அணச்சி சத்தியம் பண்ணு, அப்பால ஆஸ்பத்திரின்னு சொல்ட்டாங்க சிஸ்டர். இது அணைக்க மாட்டேன்னுகினு குந்தினு கீது. வேலைக்கி வருது, போவுது. ஊட்ல யாரும் பேசறதில்ல."

எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது நம் பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்ததுதான். சீட்டுப் பணம் காணாமல் போனாலும் அணைப்பார்கள், கோழி காணாமல் போனாலும் அணைப்பார்கள். புற்றுநோய்க்கு அணைக்கச் சொன்னதாக நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன். அந்த வழியைக் காட்டிக் கொடுத்தது எங்கள் அறை.

கொரட்டூருக்குப் போவதற்கு முன்னால் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனேன். அந்த வீட்டில் என்னிடம் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பதில் தெரியாமல் போகக்கூடாது. அங்கே பெண்கள் பிரிவில் இருந்த மூத்த டாக்டர் ஒருவர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். கேட்டதற்கெல்லாம் சுற்றி வளைக்காமல் பதில் சொன்னார். கடைசியில் அவர் சொன்னது இது: "சிஸ்டர், கிருமி வர்றது சாதாரணம். தங்கறதுதான் விசேஷம். எங்கேருந்து வந்ததுன்னு தேடறவங்க போலீஸ். நாம டாக்டர், நர்ஸ்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொரட்டூரில் இறங்கி நடந்தேன். ஒற்றை அறை, முன்னால் ஓலைச் சாய்ப்பு. சேகர் தரையில் உட்கார்ந்து மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தான். லோகம்மா கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தாள். தனம் தெருக் குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்து வீடுகளில் இரண்டு மூன்று தலைகள் வெளியே வந்தன.

"வாங்க நர்சம்மா," என்றாள் லோகம்மா. "வேலையா வந்தீங்களா, வேடிக்க பாக்க வந்தீங்களா?"

"வேலையாத்தான். தனம் நாளைக்குச் சிகிச்சைக்கு வரணும். ஏற்கெனவே லேட்டு."

"வரட்டுமே. யாரு வேணான்னது? கோயிலு தோ கீது. கற்பூரத்த அணச்சி, நா தப்பு பண்லன்னு ஒரு வார்த்த. அப்பால நானே இட்டுகினு வர்றேன். டிபன் கட்டிகினு வர்றேன்."

குழாயடியிலிருந்து தனத்தின் குரல் வந்தது. "நா அணைக்க மாட்டேன்."

"பாத்தீங்களா? தப்பு பண்ணாதவளுக்கு கை இன்னாத்துக்கு நடுங்குது?"

"கை நடுங்கல அத்தே. டெய்லி சூட்டு ரப்பருல வெந்துகினு கீற கை இது. ஒன் கற்பூரம் எனக்கு ஒரு சூடா? நீ கேக்கற கேள்விதான் எனக்கு புடிக்கல."

நான் குழாயடிக்குப் போய் அவள் பக்கத்தில் குந்தினேன். தாழ்ந்த குரலில் சொன்னேன்: "தனம், அணைச்சுட்டு வந்துடு. ஒரு நிமிஷ வேலை. அவங்க நம்பினா என்ன, நம்பாட்டி என்ன. நோய் உன் ரோஷத்துக்காக நிக்காது."

அவள் சட்டியைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அவர அணைக்க சொன்னாங்களா சிஸ்டரு?"

"இல்லை."

"அவரு லேத்துக்கு முன்ன லாரி செட்டுல மூணு வருசம் ஊரூரா சுத்தினு இருந்தாரு. யாரும் கேக்கல. நானும் கேக்கல. எனக்கு மட்டும் எதுக்கு? இன்னிக்கு இதுக்கு அணச்சன்னா, நாளைக்கு பஸ்ஸு லேட்டா வந்தா அதுக்கு அணைக்கணும். என் பொண்ணு பாத்துகினு கீது. நாளைக்கி அதுக்கும் ஒரு மாமியா வருவா."

வீட்டு வாசலில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். எட்டாவது படிப்பவள். ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு சடை பின்னியபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தனத்தின் மேலும் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். அவள் சொன்னது அத்தனையும் நியாயம். ஆனால் அந்த நியாயத்தைச் சொல்ல அவள் உயிரோடு இருக்கவேண்டும். நியாயத்தையும் உயிரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று ஒரு பெண்ணிடம் சொல்கிறோம். எடுக்கத் தயங்கினால் பிடிவாதக்காரி என்கிறோம்.

லோகம்மா கருவாட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "நர்சம்மா, நீங்க படிச்சவங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த டாக்டரம்மா சொன்னது மெய்யா பொய்யா? ஆம்பள பொம்பள கூடறதுலதான் அது வருதா இல்லியா?"

சேகரின் கையில் ஸ்குரூடிரைவர் நின்றது. பக்கத்து வீட்டுத் தலைகள் இன்னும் கொஞ்சம் நீண்டன.

இந்த இடத்தில் என் முன்னால் இரண்டு சுலபமான பதில்கள் இருந்தன. பொய் என்று சொல்லிவிடலாம். டாக்டர் சின்னப் பெண், தவறாகச் சொல்லிவிட்டார் என்றால் கதை முடிந்தது. ஆனால் புற்றுநோய் மருத்துவமனையில் வேறு யாராவது அதையே சொன்னால்? அதற்குப் பிறகு நான் எது சொன்னாலும் அந்தத் தெருவில் எடுபடாது. நாளை இன்னொருத்திக்கு ரத்தம் வந்தால் என்னிடம் வர மாட்டாள். இரண்டாவது பதில் இன்னும் சுலபம். சேகரைப் பார்த்து, உன்னிடமிருந்துதான் வந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். அவன் முகம் அதற்குத் தயாராகவே இருந்தது. குனிந்து மின்விசிறியின் திருகுகளை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். அதைச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு திருப்தியாக இருந்திருக்கும். ஆனால் அதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை. தனத்தைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டு வேறொருவரை ஏற்றினால் கூண்டு அங்கேயேதான் இருக்கும்.

"மெய்தான்," என்றேன்.

லோகம்மா அக்கம்பக்கத்தைப் பார்த்தாள். கேட்டீர்களா என்பதுபோல.

"ஆனா அவங்க பாதிதான் சொன்னாங்க. மீதிய நான் சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க. கல்யாணம் ஆனவங்கள்ல பெரும்பாலான பேருக்கு எப்பவாவது வந்துட்டுப் போற கிருமி அது. எனக்கு வந்திருக்கும். உங்களுக்கும் வந்திருக்கும்."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. உடம்பே அதைத் தொரத்திடும். சில பேருக்கு மட்டும் போகாம உள்ளயே தங்கிடும். வருஷக்கணக்கா சத்தமில்லாம இருந்துட்டு அப்புறம் புண்ணாகும். ஒரே ஒரு ஆம்பளையைப் பார்த்தவளுக்கும் வரும். யார்கிட்டேருந்து வந்தது, எப்ப வந்ததுன்னு கண்டுபிடிக்கற டெஸ்ட் எந்த ஆஸ்பத்திரியிலயும் கிடையாது. இதுக்குக் கற்பூரம் அணைக்கணும்னா இந்தத் தெருவுல தாலி கட்டின, கட்டிக்கிட்ட எல்லாரும் அணைக்கணும். வயசுல பெரியவங்க, நீங்க மொதல்ல. வாங்க, இப்பவே போலாம். நானும் கூட அணைக்கறேன்."

பக்கத்து வீட்டுக்காரி, வெற்றிலை போட்ட வாயோடு, "போயி அணச்சிட்டு வாயேன் லோகம்மா, கோயிலு தொறந்துதான் கீது," என்றாள். யாரோ சிரித்தார்கள்.

லோகம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "ஏய். கட்டனவன் போயி இத்தினி வருசம் ஒரு ஆம்பள மொகத்த ஏறெடுத்து பாத்தவ இல்ல நானு. என்ன பாத்து அணைக்க சொல்றியா? நா எதுக்குடி அணைக்கணும்?"

"இதையேதான் தனமும் சொல்றா," என்றேன். "உங்களுக்கு இப்ப வந்துச்சே, அதே கோபம்தான் அவளுக்கும்."

லோகம்மாவின் மனம் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. கருவாட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் கற்பூரத்தைப் பற்றிப் பேசவில்லை.

தனம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கி எத்தினி மணிக்கு சிஸ்டரு?"

முதல் நாள் நான் அவளோடு போனேன். அங்கே துணைக்கு யார், கணவர் எங்கே, கையெழுத்து யார் போடுவார்கள் என்று கேட்டார்கள். உடம்பு அவளுடையது, கையெழுத்து போட அவளுக்குத் தெரியும் என்று நான் கத்தியது அந்த வராந்தாவில் இன்னும் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். மறுநாளிலிருந்து தனியாகப் போனாள். கதிர்வீச்சுக்கு அங்கே கரண்டு என்றுதான் பெயர்; கரண்டு வைக்கப் போகிறேன் என்று பட்டறையில் சொல்லிவிட்டு, கொரட்டூரில் ரயில் ஏறி, நின்றுகொண்டே போய், வாந்தியோடு திரும்பி வருவாள். ஒரு வாரம் கழித்து சேகர் ஸ்டேஷனுக்கு வர ஆரம்பித்தானாம். "பின்னாடியே வருது சிஸ்டரு, கடங்காரனாட்டம். பேசறதில்ல. ரயில்ல எடம் புடிச்சி குடுக்குது," என்று தனம் சொன்னாள். அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கதிர்வீச்சை உள்ளிருந்தே கொடுக்கும் குழாயை வைக்க அவளைச் சேர்த்த நாளில் வராந்தாவில் தூங்காமல் உட்கார்ந்திருந்தான்.

அந்த மூத்த டாக்டரிடம், இந்தக் கற்பூர வாரங்களால் எவ்வளவு கெட்டது என்று கேட்டேன். இந்த வாரங்களும் கெடுதல்தான், ஆனால் இதைவிடப் பெரிய கெடுதல் முன்னாலேயே நடந்துவிட்டது, ரத்தம் பட ஆரம்பித்தபோதே யாராவது பார்த்திருந்தால் ஆபரேஷனோடு போயிருக்கும் என்றார். ஆகவே லோகம்மாவைத் திட்டிவிட்டு இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அவள் கதவை அடைத்தது சில வாரங்கள். விளக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு நூலை மட்டும் பார்த்த நம் ஆட்கள் அடைத்தது ஒன்றரை வருடத்துக்கும் மேல். அவர்கள் யாரும் எந்தக் கோயிலிலும் எதையும் அணைக்கவில்லை.

தனம் பிழைத்தாள் என்பதால் இது சந்தோஷமான கதையும் அல்ல. அந்த வயதிலேயே மாதவிடாய் நின்றது. உடம்பு திடீர் திடீரென்று தீயாய் எரியும். மலத்தில் ரத்தம் வரும். வெகுநேரம் நின்று வேலை செய்ய முடியாமல் பட்டறையில் எண்ணிக் கட்டும் வேலைக்கு மாற்றினார்கள். லோகம்மா அவளுக்கென்று ஒரு தட்டும் ஒரு டம்ளரும் தனியாக வைத்தாள். தட்டில் ஒட்டாது என்று நான் இரண்டு முறை போய்ச் சொன்னேன். இருக்கட்டும் என்றாள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா?

சொல்லுங்கள். முதலில் நோயாளியிடம் சொல்லுங்கள், அவளிடம் மட்டும். வேறு யாருக்குச் சொல்வது என்று அவள் தீர்மானிக்கட்டும். காது எட்டும் தூரத்தில் ஆள் இருந்தால் வாயைத் திறக்காதீர்கள். இடமில்லை என்றால் வெளியே மரத்தடிக்கு அழைத்துப் போங்கள். சொல்லும்போது முழுவதையும் சொல்லுங்கள். உறவில் தொற்றும் என்பது பாதி. அநேகமாக எல்லோருக்கும் வந்து போகும், தங்கியது அவள் குற்றமல்ல, யாரிடமிருந்து என்று யாராலும் சொல்ல முடியாது என்பது மீதிப் பாதி. மீதியைச் சொல்ல நேரமில்லை என்றால் முதல் பாதியையும் அன்றைக்குச் சொல்லாதீர்கள். இந்தக் கிருமிக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்க முயற்சி நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். வரட்டும். வந்தால் அதைச் சின்னப் பெண்களுக்குப் போட வேண்டியிருக்கும். அப்போது அவர்களுடைய அம்மாக்களிடம் இதே விஷயத்தைச் சொல்லப்போவது நீங்கள்தான். பச்சைத் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு சொல்வீர்களா?

கடைசியாக ஒன்று. சிகிச்சை முடிந்த பிறகு, இடையில் ஒரு முறை எங்கள் மருத்துவமனையிலேயே பரிசோதித்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். தனம் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தாள். அதே இளம் டாக்டர். நடந்ததையெல்லாம் நான் அவரிடம் சொல்லியிருந்தேன். நான் விஞ்ஞானத்தைத்தானே சொன்னேன் என்று முதலில் வாதாடினார். பிறகு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பெஞ்சை வராந்தாவுக்குத் தள்ளச் சொன்னதும் அவர்தான். ஆனால் அன்று மழை. வராந்தா நனைந்து எல்லோரும் உள்ளே வந்து நின்றிருந்தார்கள். தனம் கட்டிலில் ஏறிப் படுத்ததும் டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அறை முழுவதற்கும் கேட்க வேண்டும் என்றே, குரலை உயர்த்திச் சொன்னார்:

"தனம், நீங்க ரொம்ப ஒழுக்கமான பொண்ணு. எனக்குத் தெரியும். அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

நல்ல மனதோடுதான் சொன்னார். தனம் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"டாக்டரம்மா, நா நல்லவளா கெட்டவளான்னு ஒன்னாண்ட கேட்டனா? கெட்டவளா இருந்தா பாக்காம உட்டுடுவியா? புண்ணு ஆறிச்சா இல்லியா, அத்த சொல்லு."

டாக்டர் முகம் சிவந்து போனது. கையுறையை மாட்டிக்கொண்டார். நான் விளக்கைத் திருப்பிப் பிடித்தேன். அவர் நிதானமாகப் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"ஆறிடுச்சு," என்றார்.

தனம் எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்தாள். "இதுக்குத்தான் நா ஒன்னாண்ட வர்றது," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.